நாற்பத்தொன்றாம் நம்பர் மாஜிஸ்திரேட்

பேசுவதற்கு முன்னால் பெவர்லி கெர்ஷா தலையைத் தூக்கி மேலே ஒருமுறை பார்ப்பார். ஒரு நொடிதான். கார்ஸ்டேல் நீதிமன்றத்தில் அந்த இடத்தில் பார்க்க ஒன்றும் கிடையாது. கூரையில் மழை ஒழுகிய பழுப்புக் கறைதான் இருக்கும். புதிதாக வரும் வக்கீல்கள் தாங்களும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் காகிதத்துக்குத் திரும்புவார்கள். விஷயம் தெரிந்த நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். பெவர்லி முப்பத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். பின்னால் இருக்கும் பயணிகளைக் காட்டுகிற கண்ணாடி ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்குமே, அதைத்தான் தேடுகிறார். வண்டியை நகர்த்தும் முன் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று பார்த்துப் பழகிய கண், தீர்ப்புச் சொல்லும்போதும் சும்மா இருக்காது.

நான் அந்த நீதிமன்றத்தில் இருபத்தோரு வருடம் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, பெயர் கூப்பிட்டு, கதவைத் திறந்து மூடியவன். டவாலி என்று நம் பக்கம் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த உத்தியோகம். இந்த இங்கிலீஷ் சீமையில், மேடையில் உட்காரும் மாஜிஸ்திரேட்டுகளுக்குச் சம்பளமும் கிடையாது, சட்டப் படிப்பும் கிடையாது. பல் மருத்துவர், ரொட்டிக் கடைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை என்று ஊரார் மூன்று பேர், மாதத்துக்கு ஓரிரு நாள் வந்து ஊராரின் சில்லறைக் குற்றங்களை விசாரித்துவிட்டுப் போவார்கள். சட்டம் தெரிந்த ஒருவர் கீழே உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த மூன்று நாற்காலிகளிலும் ஒரே மாதிரி ஆட்கள்தான் மாறி மாறி உட்கார்ந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் மழையில் நனைந்துகொண்டு பேருந்துக்குக் காத்து நின்ற முகம் ஒன்றுகூட இல்லை.

இது முதலில் கண்ணில் பட்டது பெவர்லிக்குத்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், அவருடைய வண்டியில் ஒரு குடிகாரன் இன்னொருவரின் மூக்கை உடைத்துவிட, சாட்சி சொல்ல வந்திருந்தார். குட்டையான உருவம், ஸ்டியரிங் திருப்பித் திருப்பித் தடித்த முன்கைகள். கூண்டிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் கண்ணு, அங்க மேல உக்காந்திருக்காங்களே, அதுக்கு என்ன படிச்சிருக்கணும்?"

"ஒண்ணும் படிக்க வேண்டாம்மா."

"அப்ப அது எனக்கு நல்லாவே வரும்," என்றார்.

நரைத்த மீசையோடு நிற்கிற என்னைப் பார்த்துக் கண்ணு என்கிறாரே என்று அன்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த ஊரே அப்படித்தான்.

விண்ணப்பம் போட்டார். பின் வரிசையில் உட்கார்ந்து வழக்குகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று நாள் சொன்ன இடத்துக்கு ஆறு நாள் வந்தார். நேர்முகத்தில், உங்களைப் பற்றி வெளியே தெரிந்தால் தலைகுனிவு தரக்கூடிய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். எல்லோரும் இல்லை என்பார்கள். இவர் உண்டு என்றிருக்கிறார். பத்துப் பயணிகளோடு பேருந்தை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு இறைச்சி அடைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம் வாங்க ஓடியதை, தேதியோடு ஒப்புக்கொண்டாராம். "சூடா அப்பத்தான் எடுத்தான். விட்டா தீந்துபோயிடும்" என்று காரணமும் சொன்னாராம். அதற்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

டிப்போ கேன்டீனில் கேலிக்குக் குறைவில்லை. டெரக் என்கிற மெக்கானிக், அவர் உள்ளே நுழைந்தால் கரண்டியால் மேசையைத் தட்டி எழுந்து நிற்பானாம். "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்த டீயில சக்கரையே இல்ல. போட்டவனுக்கு எத்தன வாரம்?"

"உனக்கு உன் மூஞ்சியே ஆயுள் தண்டனைதான்டா. மேல்முறையீடும் கெடையாது," என்பாராம் பெவர்லி.

பதவிப் பிரமாணம் எடுத்த அன்று மட்டும் அவர் முகம் சரியில்லை. அச்சமோ பட்சமோ, அன்போ பகையோ இல்லாமல் நீதி செய்வேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டே, "அன்பு கூடாதாமே கண்ணு. பகை கூடாது, சரி. அன்புமா?" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ஓய்வு நாளில்தான் நீதிமன்றத்துக்கு வருவார். ஆனாலும் பேருந்துக் கம்பெனியின் நீலக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவார். இதைவிட நல்ல கோட்டு தன்னிடம் இல்லை என்பது அவர் வாதம். மார்பில் இருக்கும் கம்பெனி முத்திரையின் மேல் ஒரு மயில் புரூச்சைக் குத்தி மறைத்திருப்பார். மேசைக்கு அடியில் காலணியைக் கழற்றிவிடுவார். நீதிமன்றத் தேநீர் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று சொல்லித் தேயிலைப் பைகளைத் தாமே கொண்டுவருவார், எனக்கும் சேர்த்து. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களிடம் ஆரம்பத்தில் "புரிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சட்ட ஆலோசகர் தனியே அழைத்து, அப்படிக் கூப்பிடக் கூடாது என்றார். அந்தச் சொல்லை விழுங்கிப் பழக அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. வார்த்தை வந்து உதட்டில் நிற்பதும், அவர் அதைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளுவதும் எனக்குக் கீழேயிருந்து தெரியும்.

கணவர் பல வருடங்களுக்கு முன்பே ஸ்பெயினுக்குப் போய்விட்டார். "வெயிலோட ஓடிட்டாரு" என்று அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பிள்ளைகள் இல்லை. எட்டாவது வருடம் பயிற்சி எடுத்து நடு நாற்காலிக்கு வந்தார். நடுவில் உட்காருகிறவர்தான் பேச வேண்டும். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த மூன்று பேர் விவகாரத்தில் ஒரு விதி உண்டு. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேண்டுமானாலும் வாதாடலாம். கருத்து ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேர் சொல்வதுதான் முடிவு. ஆனால் வெளியே வரும்போது மூன்று பேரும் ஒரே வாய். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அந்த அறையோடு புதைந்துவிட வேண்டும், சாகும் வரை. நடுவில் இருப்பவர் தோற்றுப்போனாலும் அவரேதான் வெளியே வந்து அதைப் படிக்க வேண்டும்.

கானர் லோமாக்ஸுக்கு அப்போது இருபது வயது. டயர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். முதல் முறை கண்மண் தெரியாமல் காரோட்டி, ஒரு பெண்ணின் காலை முறித்தான். வண்டி ஓட்டக் கூடாது என்று தடை போட்டார்கள். தடையை மீறி ஓட்டினான். சிறைத் தண்டனை கொடுத்து, இனி ஒழுங்காக இருந்தால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். மறுபடியும் ஓட்டினான். இந்த முறை எதற்கு என்றால், நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்த அப்பாவுக்கு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கடையின் மீன் வறுவல்தான் வேண்டுமாம். நண்பனின் காரை எடுத்துக்கொண்டு போனவன், திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டான். மீன் பொட்டலம் பக்கத்து இருக்கையில் இருந்ததைக் காவலர் தம் குறிப்பில் எழுதியிருந்தார்.

அன்று நடு நாற்காலியில் பெவர்லி. ஒரு பக்கம் பல் மருத்துவர், இன்னொரு பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியை. மூவரும் பின்னறைக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கைக்கு இன்னொரு பிரதி கேட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போனேன். பழைய கட்டடம், அந்தக் கதவு தாழ்ப்பாளில் சரியாக உட்காராது. தட்டுவதற்குக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"அவங்கப்பா இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்காரு. இவன உள்ள வெச்சுட்டா, போற நேரத்துல பக்கத்துல யாரு இருப்பா? என்னால ஒத்துக்க முடியாது." இது பெவர்லியின் குரல்.

"ரெண்டு தடவ விட்டாச்சு, பெவர்லி," என்றார் பல் மருத்துவர். "அந்தப் பொண்ணு இன்னமும் காலத் தாங்கித் தாங்கி நடக்குது. நாளைக்கு இவன் இன்னொருத்தரத் தூக்கி அடிச்சான்னா நம்ம மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

"எனக்கும் அதான் படுது," என்றார் ஆசிரியை. குரலில் அழுகை இருந்தது.

கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "சரி. ரெண்டுக்கு ஒண்ணு. குடுங்க, நானே படிக்கிறேன்" என்றார் பெவர்லி.

இதை நான் எழுதக் கூடாது. ஓய்வு பெற்றுவிட்டேன், ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றிவிட்டேன், என்றாலும் கூடாதுதான். தமிழில் எழுதினால் கார்ஸ்டேலில் யார் படிக்கப்போகிறார்கள் என்கிற தைரியம். யாரிடமாவது சொல்லாமல் நெஞ்சு ஆறவில்லை.

வெளியே வந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். பெவர்லி மேலே பார்த்தார். அன்று ஒரு நொடியில் கண்ணை இறக்கவில்லை. பிறகு நிதானமாக, நடுக்கமில்லாமல், "நாங்க மூணு பேரும் ரொம்ப நேரம் யோசிச்சு முடிவு பண்ணியிருக்கோம்" என்று தொடங்கிப் பதினான்கு வாரம் சிறை என்று படித்து முடித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பார்வையாளர் வரிசையில் இருந்த அவன் அம்மா டெனிஸ்தான் எழுந்தார்.

"ஏம்மா, நீ புள்ள பெத்திருக்கியா? சொல்லு. பெத்திருந்தா இப்படிப் படிப்பியா?"

அதற்குப் பெவர்லி பதில் சொல்லக் கூடாது. டெனிஸை வெளியே அழைத்துப்போவது என் வேலை. முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா, நீங்கள் திட்டுகிறவர்தான் உங்கள் பையனுக்காக உள்ளே மன்றாடியவர் என்று நாக்கின் நுனி வரை வந்தது. வாசலில் விட்டுவிட்டு, "படி ஈரமா இருக்கு, பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

நான்காவது வாரத்தில் தகப்பன் இறந்துபோனார். அடக்கத்துக்குக் கானரை விட்டார்கள். ஒரு காவலரின் கையோடு கையை விலங்கிட்டுக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் ஒருவனாக இருக்க வேண்டியவன். விலங்குக் கையோடு தோள் கொடுக்க முடியாதே, பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். அவன் இடத்தில் சவ அடக்கம் நடத்தும் கம்பெனியின் ஆள் தோள் கொடுத்தான். கொள்ளி வைக்கிற ஊரில் பிறந்தவன் நான். செய்தியைப் பெவர்லிக்குச் சொன்னதும் நான்தான். தேயிலைப் பையைக் கோப்பையில் முக்கிக்கொண்டிருந்தவர், எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார். தேநீர் தார் மாதிரிக் கறுத்துப்போயிற்று.

அன்றைக்குத்தான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று எல்லாம் கேட்டுவிட்டதை ஒப்புக்கொண்டேன். "அந்தம்மா கிட்டயாவது சொல்லிடுங்க. நீங்க வேண்டாம்னுதானே..."

"நீங்க ஒண்ணும் கேக்கல," என்றார். "கதவு நல்லாச் சாத்தியிருந்துச்சு."

"இல்லீங்க, நான்..."

"இங்க பாருங்க கண்ணு. மூணு பேருல ஒருத்தர் வெளிய வந்து, நான் இல்லப்பான்னு சொல்றாருன்னு வெச்சுக்குவோம். அப்ப மத்த ரெண்டு பேருதான்னு ஆயிடும். அவங்களும் இந்த ஊருலதான் இருக்காங்க. சரி, அடுத்த வழக்குல அவங்களும் நான் இல்ல, நான் இல்லன்னு சொல்லுவாங்க. எல்லாரும் நான் இல்லன்னா அப்புறம் அந்தப் பையன உள்ள அனுப்புனது யாரு? நாக்காலியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரியான பேச்சு என்று தெரிந்ததால் வந்த கோபம். அடுத்த வாரமே தச்சர் ஒருவர் வந்து அந்தக் கதவை இழைத்துத் தாழ்ப்பாளை மாற்றிவிட்டுப் போனார். யார் புகார் எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

கானர் வெளியே வந்தான், ஊரில் தங்கவில்லை. ஸ்காட்லாந்தில் மீன் பதனிடும் ஆலையில் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை அம்மாவோடு தொலைபேசியில் பேசுவான். டெனிஸ் கணவரின் வேனை விற்றுவிட்டு, மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் வீடு இருக்கும் மூர் சாலையிலிருந்து மருத்துவமனைக்கு நாற்பத்தொன்றாம் நம்பர்தான் போகும். முதல் நாள் ஏறியவர், ஓட்டுநர் இருக்கையில் பெவர்லியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாராம். வேறு வண்டி கிடையாது. அட்டையைக் காட்டிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார்.

கார்ஸ்டேலில் பேருந்திலிருந்து இறங்குகிற எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். குழந்தை சொல்லும், குடிகாரன் சொல்லுவான். சொல்லாமல் இறங்குவது, சாப்பிட்ட வீட்டில் வாய் திறக்காமல் எழுந்து போவது மாதிரி. டெனிஸ் மூன்று வருடம் சொல்லாமல் இறங்கினார். அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும் வண்டி முழுவதும் அமைதியாகிவிடும். டிப்போவில் பெவர்லிக்கு வேறு வழித்தடம் தருகிறோம் என்றார்கள். "வேண்டாம். நான் மாறிட்டா அந்தம்மா யாரைத் திட்டும்?" என்று மறுத்துவிட்டார். டெனிஸ் தாமதமாக ஓடி வரும் நாட்களில் வண்டியை எடுக்காமல் காத்திருப்பார். முணுமுணுக்கும் பயணிகளிடம், சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்வார். அந்தச் சாலையில் சிக்னலே கிடையாது.

ஓய்வு பெற்றபின் நானும் வாரத்தில் இரண்டு நாள் முழங்காலுக்கு மருந்து வாங்க நாற்பத்தொன்றில்தான் போகிறேன். போன பிப்ரவரியில் ஒரு காலை, பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் நான். மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது டெனிஸ் பின்னாலிருந்து எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"வண்டி ஓடுதும்மா. தரையில இருக்கிற கோட்டுக்குப் பின்னால நில்லுங்க."

"நிக்கிறேன். காது கேக்குதில்ல? நேத்து சலவைக் கூடத்துல ஒருத்தி சொன்னா. மூணு பேரும் ஒத்துக்கணும்னு இல்லையாமே. ரெண்டு பேரு சொன்னாப் போதுமாமே."

பெவர்லி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

"ராத்திரி முழுக்க யோசிச்சேன். நீ ஏன் எனக்காக வண்டிய நிறுத்தி வெக்கிற? யாருக்கும் காத்திருக்காத வண்டி எனக்கு மட்டும் ஏன் காத்திருக்குது?" டெனிஸின் குரல் தாழ்ந்தது. "எனக்கு வெறுத்து வெறுத்து அலுத்துப்போச்சு. தெம்பு இல்ல. மூணு பேருல ஒருத்தர் கொறஞ்சாக்கூட எனக்குப் பாரம் கொறையும். நீ வேண்டாம்னுதான் சொன்னேன்னு சொல்லு. ஒரு வார்த்தை போதும். பொய்யா நெஜமான்னுகூடக் கேக்க மாட்டேன், நம்பிடுறேன்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "டெனிஸம்மா..." என்று எழுந்தேன்.

"உக்காருங்க கண்ணு," என்றார் பெவர்லி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து. "விழுந்துடப் போறீங்க." இருபத்தோரு வருடம் எத்தனையோ பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்தவன் நான். உட்கார்ந்துவிட்டேன்.

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

"அது நாங்க மூணு பேரும் சேந்து எடுத்த முடிவு, டெனிஸ்."

டெனிஸ் ஈரக் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்து எங்கள் எல்லோர் காலையும் தொட்டது.

ஓட்டுநரின் கைப்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. தள்ளுவண்டிக் குழந்தைகளுக்கும், என்னைப் போல முழங்கால் மடங்காதவர்களுக்கும் மட்டும் அமுக்குவார்கள். டெனிஸுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, நல்ல திடமான கால்கள். பெவர்லி அதை அமுக்கினார். காற்று சீறி இறங்க, அவ்வளவு பெரிய வண்டியின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்து நடைபாதை மட்டத்துக்கு வந்தது. டெனிஸ் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், மருத்துவமனை வாசலை நோக்கி நடந்தார். பின்னால் இரண்டு கார்கள் ஒலிப்பான் அடித்தன. டெனிஸ் உள்ளே போய்க் கதவு மூடும் வரை பெவர்லி வண்டியை உயர்த்தவில்லை.